எட்டாம் மாடியில் உடையாத சுவர்கள்

புனேயின் கோந்த்வாவில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த குடியிருப்பின் எட்டாம் மாடியை மேலாளர் இரண்டு வாரத்துக்கு என் பொறுப்பில் விட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு வருடமாக சைட் இன்ஜினியர் நான். பொறுமை கம்மி, வாய் ஜாஸ்தி. கட்டட வேலையில் வீணாவதைக் குறைக்கும் ‘லீன்’ முறையைப் பற்றி ஒரு பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து அவர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தேன். தொல்லை தாங்காமல் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. இரண்டாம் வாரத்தில் கட்டும் சுவர் ஒன்றுகூட உடையக் கூடாது. உடைந்தால் நான் ஔந்த் ஆபீஸில் உட்கார்ந்து டிராயிங் அடுக்க வேண்டியதுதான்.

சுவரை உடைப்பதை எங்கள் தொழிலில் யாரும் வீண் என்றே நினைப்பதில்லை, அதுதான் கொடுமை. கொத்தனார் சுவர் எழுப்புவார். மறுநாள் எலெக்ட்ரீஷியன் சுத்தியலோடு வந்து, வயர் பைப் போக வழி வெட்டுவார். கொத்தனார் திரும்ப வந்து அடைப்பார். உடைந்ததெல்லாம் ராடாரோடா ஆகி டிராக்டரில் போகும். இடிபாட்டுக் குப்பைக்குப் புனேயில் அதுதான் பெயர்.

எட்டாம் மாடியில் முதலில் பைப் நிற்கும், பிறகுதான் அதைச் சுற்றிச் சுவர் எழும்பும் என்று முடிவு செய்தேன். ஒரு பலகை மாட்டினேன். திங்கட்கிழமை காலை அவரவர் வேலையை அவரவரே சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். ஆட்களின் தலைவர்கள் இரண்டே பேர். கொத்தனார்களின் மிஸ்திரி லாத்தூர்க்காரர், அதிகம் பேசமாட்டார். எலெக்ட்ரிக் ஃபோர்மேன் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழர், அப்பா ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்.

“புதன்கிழமைக்குள்ள எல்லா பைப்பும் நின்னுருமுங்களா?” என்று கேட்டேன்.

“ஹோ ஜாயேகா” என்றார் ஃபோர்மேன். ஆகிவிடும். வியாழனன்று சுவர்? மிஸ்திரியும் அதையே சொன்னார். நான் அன்று முழுக்கத் தரையிலேயே நடக்கவில்லை.

சனிக்கிழமை பார்த்தால் மூன்று சுவர்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பைப் வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்ந்திருந்தது. சொன்ன வாக்குக்காக மிஸ்திரி சுவரைக் கட்டிவிட்டார். புதனுக்குள் பைப் வராது என்பது ஃபோர்மேனுக்குத் திங்கட்கிழமையே தெரியும்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “தெரிஞ்சே எதுக்குங்க ஆகும்னு சொன்னீங்க?”

அவர் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார். “மேடம், போன மாசம் ஏழாவது மாடியில நஹீ, ஆகாதுன்னு சொன்னேன். நீங்க என்ன பண்ணீங்க? எல்லார் முன்னாடியும் கிழி கிழின்னு கிழிச்சீங்க. அதுக்கு இது சுலபம். திங்கக்கிழமை ஹோ ஜாயேகா சொல்லிட்டா, சனிக்கிழமை ஏதாவது சாக்கு பஹானா சொல்லிக்கலாம்.”

வெட்கமாகப் போய்விட்டது. அந்த மூன்று சுவர்களை உடைத்தது என் வாய்தான்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு கட்டு சிவப்புச் சீட்டு கொண்டுபோனேன். “முடியாதுன்னா இதுல எழுதி ஒட்டுங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேனுங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டு, மிஸ்திரிக்கு என் ஓட்டை இந்தியில் அதையே சொன்னேன்.

ஃபோர்மேன் உடனே இரண்டு சீட்டு ஒட்டி என்னைச் சோதித்துப் பார்த்தார். “ரெண்டு வீட்டு பாத்ரூம் நஹீ. கீசர் பாயின்ட் எங்கன்னு டிராயிங்ல இல்ல.” எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். நான் அடக்குவதைப் பார்த்துவிட்டு, மிஸ்திரியும் ஒரு சிவப்புச் சீட்டை எடுத்தார். பிறகு இன்னொன்று. நான்கு சிவப்பு! ஆனால் மீதியிருந்த சீட்டுகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது: அத்தனையும் நிஜமாகவே நடக்கப்போகிற வேலை. பைப் நின்ற படுக்கையறைகளுக்கு மிஸ்திரியின் ஆட்கள் போனார்கள். நான் டிசைன் ஆட்களைத் துரத்தி, கீசர் விவரத்தை மறுநாளே வாங்கிவந்தேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பரபரப்பு.

சனிக்கிழமை காலை வீடு வீடாக ஓடி, சுவர்களைக் கையால் தடவிப் பார்த்தேன். ஒன்றிலும் வெட்டு இல்லை. டிராக்டர்காரர் வந்து, ஏற்ற ஒன்றுமில்லாமல் ஒன்பதாம் மாடிக் குப்பையை அள்ளப் போனார்.

“பசங்களுக்கு போர் அடிக்குதாம் மேடம். உடைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையாம்” என்றார் ஃபோர்மேன். மிஸ்திரி சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மேலாளர் வந்து ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தார். கடைசியில் பலகைக்கு முன் வந்து நின்று, இந்தியில் சொன்னார்: திங்கள் முதல் ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றும் உன்னுடையவை, பத்து நாளில் முடித்துவிடு.

‘ஹோ ஜாயேகா’ நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஃபோர்மேனும் மிஸ்திரியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நஹீ ஹோகா, சார்” என்றேன். ஆகாது.

மேலாளர் பலகையிலிருந்து வெறும் சீட்டு ஒன்றை உருவி, பேனாவைத் திறந்து, “தோ கப் ஹோகா?” என்றார்.

அப்படியானால் எப்போது முடியும்? நான்கு வருடத்தில் எங்களிடம் அவர் தேதியைச் சொல்லியிருக்கிறாரே தவிர, ஒரு நாளும் கேட்டதில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம்.