பெரியப்பா தட்டுக்குக் குழம்பு வந்த நாள்

பக்கத்து வீட்டில் சீலா மீன் குழம்பு கொதிக்கிறது. என் போனில் ஒரு போதகர், கிறிஸ்து எல்லாருக்காகவும் அல்ல, கடவுள் முன்பே தெரிந்துகொண்ட சிலருக்காக மட்டுமே மரித்தார் என்று அடித்துப் பேசுகிறார். இரண்டும் சேர்ந்ததும் சாயர்புரம் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது.

பெரியப்பா என் அம்மாவின் அக்கா வீட்டுக்காரர்; புராட்டஸ்டண்ட், வாத்தியார். ஈஸ்டர் லீவுக்கு நாங்கள் போய் இறங்கினால், திரேஸ்புரத்தில் படகு வைத்திருந்த என் கத்தோலிக்க அப்பாவிடம் இதே வாதத்தை வாசலிலேயே தொடங்கிவிடுவார்.

"வலையில எல்லா மீனுந்தான அண்ணாச்சி வருது?" என்பார் அப்பா.

"வேண்டாததைத் திரும்பத் தண்ணியில எறியுதியா இல்லியா?" என்பார் பெரியப்பா.

ஒரு வருஷம், அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்தாள்.

"அப்ப எனக்காக மரிச்சாரா, இல்லியா?"

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது கர்த்தருக்குத்தான் தெரியும்."

அன்று எங்கள் எல்லாருக்கும் மணக்க மணக்க மீன் குழம்பு. பெரியப்பா தட்டில் வெறும் கஞ்சி.

"எனக்குக் குழம்பு உண்டா?"

"அது எனக்குத்தான் தெரியும்."

மறுநாளும் கஞ்சி. மூன்றாம் நாள் பெரியப்பா அடுக்களை வாசலில் வந்து நின்று பெரியம்மாவிடம், "எல்லாருக்காகவுந்தான் மரிச்சாரு, ஏளா" என்றார்.

போனில் போதகர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டில் அவரேதான் சமைக்கிறார் போல.