ரெஸ்யூமில் எந்தப் பல்கலைக்கழகம்?

நாளைக்கு இன்டர்வியூ. ரெஸ்யூமை பிரின்ட் எடுக்க இன்று மயிலாப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னா மேடம், இந்த யுனிவர்சிட்டி பேரையா போடுறீங்க? முன்னாடி அது எந்த கவர்மென்ட் யுனிவர்சிட்டி கீழ இருந்துச்சோ, அந்தப் பேரைப் போட்டுக்கலாம். உங்க காலேஜ்காரங்க எல்லாம் அப்டித்தான் போட்டுக்கினு கீறாங்க.”

கல்யாண மண்டபத்தில் பாலிடெக்னிக்காகத் தொடங்கிய இடம் அது. பிறகு பொறியியல் கல்லூரி. நான் சேர்ந்த ஆண்டுதான் தனியார் பல்கலைக்கழகம் ஆனது. என் சீனியர்களின் பட்டத்தில் அரசுப் பல்கலைக்கழகத்தின் பெயர், என் பட்டத்தில் நிறுவனருடைய அப்பாவின் பெயர். படித்துத்தான் வாங்கினாயா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

“எல்லாரும்னா யாரு?” என்றேன்.

“பெரிய பெரிய வேலைல கீறவங்கதான். போன வாரம்கூட ஒருத்தர் வந்தாரு, பேங்க் மேனேஜர், உங்க பேட்ச்தான்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. உருப்பட்டவர்கள் எல்லாம் அந்தப் பெயரை மறைத்தால், அந்தப் பெயர் எப்படி உருப்படும்?

“அதே பேர் இருக்கட்டும் அண்ணா. போல்டு பண்ணுங்க.”

“வேலை கிடைக்கலன்னா என்னைச் சொல்லாதீங்க.”

“கிடைக்கலன்னா அடுத்த கம்பெனிக்கு இன்னும் பெரிய எழுத்துல போடுவோம்.”

சிரித்தார். நான் கேட்காமலே எழுத்தின் அளவை ஒரு படி கூட்டினார்.

என் பேட்ச்காரர்களே, இந்தப் பதிவின் முதல் கமெண்டில் பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரை நானே போட்டிருக்கிறேன்.

அடுத்த கமெண்டுக்கு அந்த பேங்க் மேனேஜர் வரட்டும்.