அம்பு ஒட்டிய புத்தகம்

சித்ராதேவி எதையும் புரட்டிப் பார்க்காமல் விடமாட்டாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மேடையேறினால் ஊரே முகத்தைப் பார்க்கும். அவள் கண் சட்டைக் காலரின் தையலுக்குப் போகும். பஜ்ஜி சுற்றி வந்த காகிதத்தை எண்ணெயோடு எண்ணெயாக விரித்து, பாதியில் கிழிந்துபோன செய்தியைப் படித்துவிட்டு, மீதிப் பாதி யார் கைக்குப் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். ஏழாவது படிக்கும் மகள் ஜோதிகா, புதுத் துணி போட்டுவரும் தோழிகளை வாசலிலேயே நிறுத்தி எச்சரித்துத்தான் உள்ளே விடுவாள்.

கண் அப்படிப் பழகிவிட்டது. காசிமாயனைக் கட்டிக்கொண்டு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்த மறுவாரமே நல்லூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜை முன்னால் போய் நின்றவள், பதிமூன்று வருஷமாக அங்கேயேதான் நிற்கிறாள். தைத்து வரும் உருப்படியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டையோ கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவரிடமே திருப்பிவிட வேண்டும். ஸ்டிக்கர் ரோலை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டியிருப்பாள்.

அம்பைக் கண்டால் எந்த டெய்லரும் சும்மா வாங்கிக்கொள்ள மாட்டான். ஓவர்லாக் மெஷின் ஓட்டும் வெள்ளியங்கிரி அதில் பேர் பெற்றவர். "இது டேமேஜ் இல்லீங்க, துணியோட சுபாவமுங்க" என்று ஆரம்பித்தாரானால் அரைமணி நேரம் போகும். வாதத்தில் ஜெயித்துவிட்டால் அம்பை உரித்துத் தன் முழங்கையில் ஒட்டிக்கொள்வார். சில நாள் சாயங்காலம் கை நிறைய அம்போடு வீட்டுக்குப் போவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மின்வெட்டு ஆரம்பித்தது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. ஜெனரேட்டர் வாங்க முதலாளிக்கு மனசு வரவில்லை. மெஷின் ஓயாத இடத்தில் திடீரென்று அமைதி வந்தால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. முதல் வாரம் தூங்கினார்கள், இரண்டாம் வாரம் சண்டை போட்டார்கள். மூன்றாம் வாரம் வெள்ளியங்கிரி ஒரு துப்பறியும் நாவலைக் கொண்டுவந்து, வெளிச்சம் விழும் செக்கிங் மேஜையில் வைத்து, சித்ராதேவியை வாசிக்கச் சொன்னார். கொலைகாரன் யாரென்று தெரியும்வரை ஒருத்தரும் கொட்டாவி விடவில்லை.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை தோறும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் வீட்டில் என்ன படிக்கிறோம் என்று சொல்வார்கள். பிசிறு வெட்டும் ஜானகியம்மாளுக்குக் குடும்பக் கதை. யாராவது அழுதால்தான் அது புத்தகம். அயர்ன் மாஸ்டர் முனீஸுக்குப் பேய் வேண்டும். யாருடைய புத்தகத்தை அடுத்து வாசிப்பது என்று முடிவு செய்ய முதல் பக்கத்தைப் படித்துக் காட்ட வேண்டும். அதற்குச் சாம்பிள் என்று பேர். நாலு பேர் கை தூக்கினால் அப்ரூவல். திங்கட்கிழமை முதல் சித்ராதேவி வாசிப்பாள்.

வாசிப்பது எப்போதும் அவள்தான். ஆனால் ஒரு சனிக்கிழமைகூட அவள் தன் புத்தகம் என்று ஒன்றை மேஜையில் வைத்ததில்லை. கேட்டால், எனக்கு எதுவானாலும் சரிதான் என்பாள்.

தை மாதம் புத்தகக் கண்காட்சிக்குப் போனபோது ஜோதிகாவுக்கு அகராதி வாங்கிவிட்டு, ஓரத்தில் ஒல்லியாக நின்ற கவிதைப் புத்தகம் ஒன்றைப் புரட்டினாள். பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான். மீதியெல்லாம் வெற்றிடம். அச்சடிக்கும்போது விட்டுப்போய்விட்டதோ என்று நாலு பிரதியை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். நாலும் ஒரே மாதிரி இருக்கவே, தெரிந்தே விட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. வாங்கிவந்தாள். பதினைந்து நாளில் மூன்று தடவை படித்தாள். பிடித்த வரி வரும்போதெல்லாம் கை தானாக மணிக்கட்டுக்குப் போனது. பென்சில் எடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அறுபது பக்கத்தில் முப்பத்தேழு அம்பு.

இதை அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை வந்த பிறகு பயமும் வந்தது. கவிதையா என்று சிரித்துவிட்டால்? மூன்று சனிக்கிழமை பையிலேயே கொண்டுவந்து பையிலேயே கொண்டுபோனாள். நாலாவது சனிக்கிழமை, கரண்ட் போனதும், மேஜையில் எடுத்து வைத்தேவிட்டாள். வைத்தவளுக்கு அங்கே நிற்கத் தெம்பில்லை. டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று குழாயடிக்குப் போய், கழுவிய டப்பாவையே மறுபடி கழுவிக்கொண்டு, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தாள்.

திரும்பி வந்தபோது மேஜையில் புத்தகம் இல்லை. ஜானகியம்மாள் மடியில் செங்கல் கனத்தில் ஒரு குடும்ப நாவல் இருந்தது. சாம்பிள் பாதி முடிந்திருந்தது.

"இங்க ஒரு புஸ்தகம் வச்சிருந்தேனே" என்றாள் சித்ராதேவி.

வெள்ளியங்கிரி பெருமூச்சு விட்டார். "பாத்தேனுங்க. ஒரே பீஸ்ல இத்தன அம்புங்களா? பாவம், உங்க காசு போச்சுங்க. அக்கட்டால போட்டுட்டேன்."

அவர் கைகாட்டிய இடத்தில் ரிஜெக்ட் பெட்டி. ஓட்டை விழுந்த பனியன்களுக்கு மேலே அவளுடைய புத்தகம் மல்லாந்து கிடந்தது.

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. இதில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அது டேமேஜ் இல்லை, எனக்குப் பிடித்த இடம் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். ஒத்திகை பார்த்த வரிகளில் அது இல்லை. ஜானகியம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி நாவலைத் தூக்கினார். அவ்வளவுதான், நாலு கை எழுந்துவிட்டால் அடுத்த இரண்டு மாதத்துக்கு அந்தச் செங்கல்தான்.

அந்த நேரத்தில் முனீஸ்தான் பெட்டிக்குள் கையை விட்டு அதை எடுத்தான். "என்னக்கா, முப்பது நாப்பது அம்பு ஒட்டியிருக்க? எம்மேல உள்ள கடுப்ப புஸ்தகத்துல காட்டிட்டியா? அப்படி என்னதான் டேமேஜு?"

டேமேஜ் என்ற சொல் காதில் விழுந்ததும் வெள்ளியங்கிரிக்குக் கை துறுதுறுத்தது. யார் தைத்ததோ, யார் எழுதியதோ, ஓர் அம்பை வாதாடாமல் விட அவரால் ஆகாது. புத்தகத்தை வாங்கி, முதல் அம்பு இருந்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, உரக்கப் படித்தார்.

பேருந்தில் தூங்குகிறவள் தலை
தெரியாதவள் தோளில் சாய்கிறது.
தெரியாதவள்
தன் நிறுத்தத்தில் இறங்கவில்லை.

படித்துவிட்டு நிமிர்ந்தார். "இதுல என்னங்க டேமேஜு?"

சித்ராதேவி அவரையே பார்த்தாள். இரண்டு வருஷம் எல்லோருக்கும் வாசித்தவளுக்கு, தனக்குப் பிடித்த வரியை இன்னொருவர் குரலில் கேட்பது இதுதான் முதல் தடவை. என்ன தோன்றியதோ, மேஜைக்குப் பின்னால் தன் இடத்தில் போய் நின்றுகொண்டாள். உருப்படி திரும்பி வரும்போது நிற்கிற அதே நிற்பு.

"இறங்க வேண்டிய எடத்துல இறங்கலையே. அது தப்பில்லையா?" என்றாள்.

"அதெப்படித் தப்பாகுமுங்க? இவ எந்திரிச்சா அவ முழிச்சுக்குவாள்ல. அதுக்காவத்தான் உக்காந்துட்டா."

"அத எங்கயும் எழுதலையே."

"எல்லாத்தையும் எழுதுவாங்களா? படிக்கிறவனுக்குத் தெரியாதுங்களா?" அவர் அம்பை உரித்தார். முழங்கையில் ஒட்டிக்கொண்டார். "பாஸ். அடுத்தது."

அடுத்த அம்பை முனீஸ் படித்தான். வாடகை வீட்டுச் சுவரில் முன்பு இருந்தவர்கள் அடித்துவிட்டுப் போன ஆணி; அவர்கள் சாமி தொங்கிய இடத்தில் இப்போது எங்கள் சட்டை தொங்குகிறது. அவ்வளவுதான் கவிதை. சாமி இருந்த இடத்தில் சட்டையா, இதுதான் கறை என்று சித்ராதேவி ஒரு பிடி பிடித்தாள். முனீஸுக்குக் கோபமே வந்துவிட்டது. தன் லைன் வீட்டில் வேறு ஆணி அடிக்க ஹவுஸ் ஓனர் விடமாட்டான் என்பதில் ஆரம்பித்து, சட்டை போட்டு வேலைக்குப் போனால்தானே சாமிக்கே விளக்கு என்று முடித்தான். ஜானகியம்மாள் நாவலை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பையன் சொல்வதுதான் ஞாயம் என்றார். அம்பு உரிந்தது.

பிறகு யாரும் நிற்கவில்லை. ஒவ்வொரு பக்கமாக அவள் குற்றம் சாட்டினாள். அவர்கள் கவிதைக்காக வக்காலத்து வாங்கினார்கள். வரி ஏன் அங்கே முறிகிறது என்று அவள் கேட்டதற்கு, மூச்சு அங்கேதான் முறியும், வேண்டுமானால் மாடிப்படி ஏறிப் பார் என்று ஜானகியம்மாள் பதில் சொன்னார். வெள்ளியங்கிரியின் முழங்கையில் இடம் போதாமல் அம்புகள் தோளுக்கு ஏறின. கம்பெனிக்குப் புதிதாக வந்த தையல்காரர் நல்லான், கவிதை என்றாலே காத தூரம் ஓடுகிறவர், எட்டிப் பார்த்து இரண்டு அம்பை உரித்துக் கொடுத்தார்.

இருபத்திரண்டாவது அம்பில் ஜானகியம்மாள் சித்ராதேவியின் முகத்தை உற்றுப் பார்த்தார். வாய் ஓரம் எதையோ கடித்து அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"ஏங் கண்ணு, நெசமாச் சொல்லு. இதெல்லாம் டேமேஜுன்னா ஒட்டுன?"

அடக்கியது வெடித்துவிட்டது. சித்ராதேவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "புடிச்ச எடம்மா. எங்கிட்ட வேற ஒட்ட என்ன இருக்கு?"

வெள்ளியங்கிரி தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"அத அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றார் ஜானகியம்மாள்.

"சொல்லியிருந்தா கவிதையான்னு ஓரமா வச்சிருப்பீங்க. இப்ப பாருங்க, எனக்கே புரியாததெல்லாம் சொல்லிட்டீங்க."

முனீஸ் முதலில் கை தூக்கினான். அடுத்து நல்லான், அவரைத் தொடர்ந்து ஜானகியம்மாள். செங்கல் ஓடியா போய்விடும், அது அடுத்த மாதம் ஆகட்டும் என்றார். மூன்று கை. எல்லோரும் வெள்ளியங்கிரியைப் பார்த்தார்கள். அவர் கை தூக்கவில்லை. புத்தகத்தை முகத்துக்கு அருகே பிடித்து, அம்பே இல்லாத ஒரு பக்கத்தில் நின்றுபோயிருந்தார்.

கண்ணாடி முன்னால்
தனியாகச் சிரித்துப் பார்த்தேன்.
பரவாயில்லை,
வெளியே கொண்டுபோகலாம்.

அதே நொடியில் கரண்ட் வந்தது. ட்யூப் லைட்டுகள் கண் சிமிட்டின, மெஷின்கள் உறுமின, எங்கேயோ ரேடியோ நடுப்பாட்டில் பாடத் தொடங்கியது. வெள்ளியங்கிரி எழுந்திருக்கவில்லை. தோளிலிருந்து ஓர் அம்பை உரித்து, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் வைத்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார். புத்தகத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு, அப்புறம்தான் கையைத் தூக்கினார்.

"ஏனுங்க, நீங்களெல்லாம் ஒரு செக்கருங்களா?" என்றார். "இத உட்டுட்டீங்களே."