கையால் அழுத்திப் பார்த்த கட்டில்கள்

எனக்குக் கட்டில் வாங்கத் தெரியவில்லை. போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு அலுவலகத்தில், எந்தப் பெட்டி எந்த லோரியில் ஏற வேண்டும் என்று நாள் முழுக்க ஆண்களை விரட்டி வேலை வாங்குகிறவள் நான். ஆனால் ஒரு மெத்தையின் முன்னால் நின்றால் வாய் அடைத்துப் போகிறது.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் யார் புதுச் சாமான் வாங்கினாலும் பழையது என்னிடம் வரும். கல்யாணம் ஆகாதவள், அவளுக்கு இது போதும் என்பது வழக்கம். வாடகை அறையில் நான் படுத்த கட்டில் சித்தி வீட்டில் கழித்தது. துணி அலமாரியின் கதவில் பெரியப்பா பேரன் ஒட்டிய டைனோசர் ஸ்டிக்கர்கள் இருந்தன. சுரண்டிப் பார்த்தேன், வால் மட்டும் வந்தது. நாற்பத்து மூன்று வயது வரை ஒரு நாற்காலியைக்கூட நான் தேர்ந்தெடுத்ததில்லை.

கிள்ளானில் இந்த அடுக்குமாடி வீட்டை வாங்கிச் சாவி கைக்கு வந்ததும், அந்தக் கட்டிலையும் அலமாரியையும் குப்பை லோரியில் ஏற்றி அனுப்பினேன். இரண்டு அறை, ஒரு ஹால். காலி ஹாலில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்தேன். திரும்பி நடந்தேன். உட்கார இடம் இல்லாததால் நடந்தேனா, நடக்காமல் இருக்க முடியாததால் நடந்தேனா என்று தெரியவில்லை.

சனிக்கிழமைகளில் கடை கடையாக ஏறினேன். ஸ்ரீ கெம்பாங்கானில் கிடங்கு மாதிரி இருக்கும் கடைகள், கிள்ளானில் சீனர் கடைகள், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு தமிழ்க் கடை. எல்லா இடத்திலும் எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள்.

"ஹஸ்பண்ட் வரலியாக்கா?" என்றான் பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரன்.

"இல்லை. நான் மட்டும்தான்."

"அப்ப சிங்கிள் சைஸ் அந்தப் பக்கம் இருக்குக்கா."

"நான் உருண்டு படுப்பேன். உனக்கென்ன?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பெரிய கட்டிலின் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். எல்லாக் கடையிலும் இதைத்தான் செய்தேன். அழுத்திப் பார்ப்பது, போவது. படுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பொய் சொல்வானேன், தோன்றியது, துணியவில்லை. வீட்டுக்கு மாமா வந்தாலே படுத்திருக்கிற பெண் எழுந்து உட்கார வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். கடையில் முன்பின் தெரியாத ஆண்கள் முன்னால் எப்படிப் படுப்பது?

பால் காய்ச்ச நாள் குறித்ததும் அண்ணன் போன் செய்தார்.

"நான் புது சோபா எடுத்துட்டேன். பழச உனக்கு அனுப்புறேன். எல் ஷேப்பு, நல்லாத்தான் இருக்கு."

"வேணாம்ணே."

"ஹால் காலியா கெடந்தா வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

"காலியா இருக்குனு நெனைப்பாங்க."

போனை வைத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை சாமி படம், விளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி எல்லாம் வீட்டுக்குள் வந்தாயிற்று. சொந்தக்காரர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் பால் ஏறியிருந்தது. கீழே காவலாளி அழைத்தார், சாமான் லோரி வந்திருக்கிறது, உள்ளே விடலாமா என்று. அண்ணனின் சோபாதான் என்று தெரிந்துவிட்டது. பாலைப் பார்த்துக்கொள்ளச் சித்தியிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

லோரியின் பின்பக்கம் கயிறு கட்டிய பழுப்பு சோபா. முன்னால் டிரைவர் பக்கத்தில் என் அம்மா, மடியில் ஒரு துணிப்பையும் தலையணையும் வைத்துக்கொண்டு.

"அண்ணன் காருல வரலியா நீ?"

"காருல எடம் இல்லியாம். அண்ணி வீட்டு ஆளுங்க வர்றாங்கள்ல."

அப்போதுதான் அந்தத் தலையணையைச் சரியாகப் பார்த்தேன். அப்பா போனதிலிருந்து அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறார். அறைகளெல்லாம் பிள்ளைகளுக்கு. அம்மா படுப்பது ஹாலில், இந்த சோபாவில். கேட்டால், "பழகிடுச்சு" என்பார். 

"புது சோபா எப்படி இருக்கு?" என்றேன்.

"வெள்ளை. அதுல படுத்தா அழுக்காயிடுமாம்."

"எத்தனை நாளைக்கு வந்திருக்க?"

"பால் காய்ச்சுற அன்னிக்கு வர்ற சாமானத் திருப்பி அனுப்பக் கூடாதுடி. வீட்டுக்கு ஆகாது."

"நான் சோபாவைக் கேக்கல. உன்னைக் கேக்குறேன்."

அம்மா பையின் காதைத் திருகினார். "அவன் உங்கிட்ட சொல்லலியா?"

டிரைவர் பொறுமை இழந்தார். "அக்கா, ஏத்துறதா வேணாமா, சொல்லுங்க லா. எனக்கு இன்னொரு எடம் போவணும்."

"எங்க ஏத்தினீங்களோ அங்கேயே எறக்கிடுங்க."

"ஐயோ, நான் எங்கடி படுக்குறது?" என்றார் அம்மா, டிரைவருக்கும் காவலாளிக்கும் முன்னால்.

நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுத மாட்டேன். தனியாக இருக்கத்தான் இந்த வீட்டை வாங்கினேன். பால் காய்ச்சி முடிவதற்குள் அந்தத் தனிமை போய்விட்டது. அண்ணன் மேல் வந்த கோபத்தில் பாதி அம்மா மேலும் இருந்தது. அவர் மடியிலிருந்து தலையணையை எடுத்துக்கொண்டேன்.

"எறங்கு. மேல வா."

நாங்கள் போனபோது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. "பொங்கினா நல்லதுதான்" என்று சொல்லிக்கொண்டே அம்மா துணியைத் தேடித் துடைக்க ஆரம்பித்தார்.

அண்ணன் பிறகு வந்து ஹாலைப் பார்த்தார். "சோபா எங்க?"

"உங்க வீட்டு வாசல்ல இருக்கும்."

"ரொம்பத்தான் கொழுப்பு உனக்கு."

"அம்மாவ அனுப்புறேன்னு வாயத் தொறந்து சொல்லியிருந்தா லோரியே தேவைப்பட்டிருக்காது."

அவர் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அம்மாவைக் கிள்ளானில் ஒரு சீனர் கடைக்குக் கூட்டிப் போனேன். முதலாளி ஒரு அம்மாள். அவர் வாயைத் திறப்பதற்குள் என் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு முதல் கட்டிலில் ஏறிப் படுத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடிவிட்டார்.

"இது குழியா இருக்கு."

அடுத்ததில் படுத்தார். "இது பலகை." அடுத்தது. "இதுல பொரண்டா சத்தம் வருது."

வருஷக்கணக்காகப் பழகிடுச்சு என்று சொன்ன வாய் இது.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். வலிக்கிற முதுகு அவங்களோடதா?"

முதலாளி அம்மாள் சிரித்துக்கொண்டே ஒரு தலையணையைக் கொண்டுவந்து என் அம்மாவின் தலைக்குக் கீழே வைத்தார். அம்மா அதையும் அமுக்கிப் பார்த்து, "இது வேணாம், எங்கிட்ட இருக்கு" என்றார்.

"நீ எத எடுக்கப் போற?" என்று படுத்தபடியே என்னைக் கேட்டார்.

"தெரியல."

"கையால அமுக்கிக்கிட்டு நின்னா எப்படித் தெரியும்? கத்திரிக்காயா வாங்குற? படு."

செருப்பைக் கழற்றினேன். பக்கத்திலிருந்த பெரிய கட்டிலில் படுத்தேன். உடம்பு முதலில் விறைத்துக்கொண்டது. கூரையில் ஒரு காற்றாடி சுற்றியது. கடையில் யாரோ ஒரு மேசையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. கையை விரித்தேன், காலை விரித்தேன். யார் மேலும் படவில்லை.

"இது," என்றேன்.

அம்மாவுக்கு ஒற்றைக் கட்டில் போதும் என்று அந்தப் பக்கம் காட்டினேன். அம்மா எழுந்து உட்கார்ந்தார்.

"எனக்கு எதுக்குடி ஒத்தக் கட்டில்? எனக்கும் பெரிசு."

"ரூம் சின்னதும்மா. கதவு தொறக்காது."

"தொறக்குற வரைக்கும் தொறக்கட்டும்."

இப்போது அம்மாவின் அறைக் கதவு பாதிதான் திறக்கும். பக்கவாட்டில் உடம்பை ஒடுக்கி நுழைய வேண்டும். அவர் அதைப் பற்றிக் குறை சொல்வதில்லை, நான் தினமும் சொல்கிறேன். ஹாலில் இன்னும் ஒன்றும் இல்லை. நான் வேலை விட்டு வந்து இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடக்கிறேன்.

"ஒரு எடத்துல உக்காரேன்டி," என்று அம்மா உள்ளேயிருந்து கத்துகிறார்.

"எங்க உக்கார? சோபாவத்தான் திருப்பி அனுப்பியாச்சே."

"அப்ப நட."