பதினான்கு பேர் கொண்ட குடும்பம்

உதவித்தொகை அலுவலகத்துக்கு எதிரே பத்தொன்பது வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அந்த அலுவலகத்தில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. யாரால் எத்தனை காப்பி ஓடுகிறது என்று கேட்டால் சொல்வேன். அந்த வகையில் ஒத்தைக்குறையாரை மிஞ்ச ஆளில்லை. என் இரண்டாவது மெஷினே அவர் புண்ணியத்தில் வாங்கியதுதான்.

அவர் அங்கே பரிசீலனைப் பிரிவில் மூத்த எழுத்தர். கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகள் போடும் விண்ணப்பம் அவர் மேசைக்குத்தான் முதலில் வரும். அதில் குறை இருந்தால் வீட்டுக்குக் கடிதம் போகும். ஒரு கடிதத்தில் ஒரு குறைதான். அதைச் சரிசெய்து அனுப்பினால் அடுத்த கடிதம், அடுத்த குறை. புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று ஒன்று வரும். அதை முடித்து மூச்சு விடுவதற்குள் கையெழுத்து கோட்டைத் தொடுகிறது என்று இன்னொன்று வந்து நிற்கும். இந்த முறையைக் கொண்டுவந்தவர் அவர்தான். தெருவில் அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான்.

கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முன்பு ஒரு கொத்தனாருக்கு ஒரே கடிதத்தில் ஒன்பது குறைகளை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்த மனிதர் அலுவலகப் படியில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார், திரும்பி வரவே இல்லை. அதைப் பார்த்த இவருக்கு மனசு கேட்கவில்லை. "ஒன்பதையும் ஒண்ணாச் சொன்னா மனுஷன் மலைச்சுப் போயிடுறான்கா. ஒவ்வொண்ணாச் சொல்லுவோம்" என்றார் என்னிடம். மேலதிகாரி அந்த யோசனைக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். அதை லேமினேட் செய்து கொடுத்தது நான்தான்.

அதே சூட்டில் இன்னொரு சீர்திருத்தமும் செய்தார். குறைப் படிவத்தில் 'விண்ணப்பதாரர் தவறு', 'அலுவலகத் தவறு' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டாவது கட்டத்தில் யாரும் எந்தக் காலத்திலும் டிக் அடித்ததில்லை. சும்மா இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடலாம் என்று எழுதிப் போட்டார். எடுத்துவிட்டார்கள்.

போன வருஷம் அவர் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. கெட்டிக்காரப் பெண். அரை நிமிஷம் கைபிடித்து நாடி பார்த்து, "அத்தை, உங்களுக்குப் படபடப்பு இருக்கு, டாக்டரைப் பாருங்க" என்று எனக்கே சொல்லியிருக்கிறாள். போய்ப் பார்த்தேன், இருந்தது. கல்லூரிக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் உதவித்தொகை அனுமதி ஆணையைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

விண்ணப்பத்தை அவரே உட்கார்ந்து மூன்று நாள் நிரப்பினார். ஸ்கேல் வைத்துக் கையெழுத்துப் போட்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன். காப்பி எடுக்க என்னிடம் நீட்டியபோது முகமெல்லாம் பூரிப்பு. "இதுல ஒரு குறை கண்டுபிடிச்சாங்கன்னா என் மீசையை எடுத்துடுறேன்கா."

பன்னிரண்டாம் நாள் அவர் வீட்டுக்குக் கடிதம் போனது. 'தங்கள் குடும்பத்தில் பதினான்கு பேர் இருப்பதாகக் குறிப்பிட்டுள்ளீர்கள். நால்வருக்கு மட்டுமே சான்று இணைத்துள்ளீர்கள். மீதிப் பத்துப் பேரின் பிறப்புச் சான்றிதழ்களை அனுப்பவும்.'

அவர், அவர் மனைவி, மகள், பள்ளிக்குப் போகும் மகன். எப்படி எண்ணினாலும் நாலுதான். என்னிடமிருந்த காப்பியை எடுத்துப் பார்த்தோம். முத்து முத்தாக நாலு என்று எழுதியிருந்தார், எழுத்திலும் எண்ணிலும். அலுவலகத்தில் கணினியில் ஏற்றியவர் நாலுக்கு முன்னால் ஒன்றைத் தட்டிவிட்டார், அவ்வளவுதான்.

"நேராப் போய்ச் சொல்லுங்களேன் சார். உங்க மேசைக்குப் பத்தடி தள்ளித்தானே ஃபைல் இருக்கு?" என்றேன்.

"சொந்தக்காரங்க ஃபைலைத் தொடக் கூடாது, அதைப் பத்திப் பேசக் கூடாதுன்னு விதி இருக்கு."

"யார் போட்ட விதி?"

அவர் என் கடைக் கூரையைப் பார்த்தார்.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்து, தான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் கவுண்டரிலேயே வரிசையில் நின்றார். முன்னால் இருபத்திரண்டு பேர். அவரைப் பார்த்ததும் வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது. நான் கடையிலிருந்தே பார்த்தேன். பொய் சொல்வானேன், எனக்கும் கொஞ்சம் குளுகுளுவென்றுதான் இருந்தது. கவுண்டரில் இருந்தது அவருடைய பக்கத்து மேசைக்காரர், கூடவே டீ குடிக்கிறவர். அங்கே நடந்ததைத் திரும்பி வந்து ஒத்தைக்குறையாரே சொன்னார்.

"சார், நாலுன்னு நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. எனக்குக் கண்ணு தெரியாதா?"

"அப்புறம் என்ன? திருத்திடுங்க."

"எந்தக் கட்டத்துல டிக் அடிச்சுத் திருத்துறது? விண்ணப்பதாரர் தவறுன்னு ஒரு கட்டம்தானே இருக்கு. நீங்க தப்பா எழுதிட்டதா ஒரு ஒப்புதல் கொடுத்துடுங்க, ஒரு நாள்ல முடிச்சுடலாம்."

செய்யாத தப்புக்குக் கையெழுத்தா? மனிதர் கொதித்துப் போனார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு எழுத்துப் பிழை செய்யாதவன், ஊரார் பிழையைப் பிடித்தவன், நான் போய்... என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. இப்படியே ஒன்பது நாள் ஓடியது. அந்த ஒன்பது நாளும் எனக்கு அவர்மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது, இவர் வீம்பு பிடித்து உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் மனைவியும் மகளும் அவரை என் கடைக்கே இழுத்துக்கொண்டு வந்தார்கள். மனைவி தையல் வேலை செய்கிறவர், கழுத்தில் அளவு நாடாவோடு வந்திருந்தார்.

"ஊர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் லெட்டர் போட்டீங்களே, அவங்கெல்லாம் என்ன தப்புப் பண்ணாங்க? வாயை மூடிக்கிட்டு எழுதிக் கொடுத்தாங்கள்ல? நீங்க மட்டும் என்ன ஒசத்தி?"

"அப்பா, எனக்காகப் போடுங்கப்பா" என்றாள் மகள்.

என் கவுண்டரில் வைத்து, என் பேனாவில் எழுதினார். 'என் குடும்பத்தில் நான்கு பேர் இருக்கையில் பதினான்கு என்று தவறுதலாகக் குறிப்பிட்டுவிட்டேன்.' இந்தத் தடவை ஸ்கேல் வைக்கவில்லை. கையெழுத்து கோட்டைத் தொட்டது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

புதன்கிழமை பதில் வந்தது. 'தவறான தகவல் தந்ததாகத் தாங்களே ஒப்புக்கொண்டதால், தங்கள் விண்ணப்பம் விசாரணைக்காக நிறுத்தி வைக்கப்படுகிறது.' அந்த வாசகத்தைப் படித்தவுடன் அவர் உதடு அசைந்தது. மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவரே எழுதிக் கொடுத்த வாசகம் அது, பொய்க் கணக்குக் காட்டி உதவி வாங்குகிறவர்களைப் பிடிப்பதற்காக.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. இடம் அடுத்தவருக்குப் போயிற்று. அன்று மத்தியானம் அவர் என் கடைக்குள் வந்து, மெஷினுக்குப் பின்னால் பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்து அழுதார். எத்தனையோ பேர் அதே கட்டின்மேல் உட்கார்ந்து அழுது பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் அவருடைய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதவர்கள். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்போது நினைத்தால் சொல்லியிருக்கலாம் என்று படுகிறது.

மகள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நாலு மாதம் போயிற்று. ஒருநாள் சாயங்காலம் அவர் ஒரு உறையோடு வந்தார். அனுமதி ஆணை. முழுத் தொகை, முதல் முன்னுரிமை, வாழ்த்துச் சொல்லி மேலதிகாரியின் கையெழுத்து வேறு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் விளக்கினார். விசாரணையில் மூல விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். விண்ணப்பதாரர் எந்தத் தவறும் செய்யவில்லை என்று தெரிந்திருக்கிறது. அதனால் அவர் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். ஒப்புதல் செல்லாது என்றால் திருத்தமும் செல்லாது. திருத்தம் செல்லாவிட்டால் கணினியில் இருப்பதுதான் செல்லும். பதினான்கு பேர் கொண்ட குடும்பம் என்பதால் முதல் முன்னுரிமை.

சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன். அப்போது வேலை முடிந்து மகள் வந்தாள். தாளை வாங்கி நிதானமாக, அப்பாவைப் போலவே மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தாள்.

"பேரு சரியா இருக்கு. தேதி இருக்கு, சீல் இருக்கு. இதுல ஒரு குறையும் இல்லப்பா. படிக்கிறவதான் இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் தாளை மடித்து அவர் கையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

அவர் அந்தத் தாளை உறைக்குள் வைத்தார். பிறகு என்னிடம் ஒரு வெள்ளைத் தாளும் ஸ்கேலும் கேட்டார். நாலு கோடு போட்டு ஒரு சின்னக் கட்டம் வரைந்தார். பக்கத்தில் 'அலுவலகத் தவறு' என்று எழுதினார். கட்டத்துக்குள் அழுத்தி ஒரு டிக் அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டு, அடைப்புக்குறிக்குள் 'மூத்த எழுத்தர், பரிசீலனைப் பிரிவு' என்று எழுதினார். அப்பா என்று எழுதவில்லை.

"ஒரு காப்பி கொடுங்கக்கா" என்றார்.

நான் இரண்டு எடுத்தேன். அவருடையதை அனுமதி ஆணையோடு சேர்த்து மறுநாளே மேலதிகாரியிடம் கொடுத்தார். ஏழு மாதமாகிறது, பரிசீலனையில் இருக்கிறதாம். இன்னொன்றை என் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். கடிதத்தோடு வந்து நிற்பவர்களில் தினமும் யாராவது ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தக் கட்டம் எந்தப் படிவத்துல இருக்கு? எனக்கு ஒண்ணு கொடுங்களேன்" என்று கேட்கிறார்.

"இன்னும் வரலப்பா" என்கிறேன்.