ஒரே பள்ளிக்கு இரண்டு பேர்

ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். ஆராய்ச்சிக்கு நிதி தருவதாக அறிவிப்பு வந்தபோது, பக்கத்து அறையில் இருக்கும் செல்வி மேடத்திடம் நான் மூச்சு விடவில்லை. சேர்ந்து செய்தால் பெயரைப் பங்கு போட வேண்டுமே என்ற எண்ணம்தான்.

சித்தேரி மலைப் பள்ளி ஒன்றில் ஆராய்ச்சி நடத்த ஒப்புதல் கடிதம் வாங்கப் பஸ் ஏறிப் போனேன். அங்கே ஆங்கில ஆசிரியையாக இருக்கும் கலா எங்களிடம் படித்தவள்.

"போன வாரம் மேடம் வந்து இதே லெட்டரத்தான் வாங்கிட்டுப் போனாங்க சார். உங்ககிட்ட சொல்லலீங்களா?" என்றாள்.

கையிலிருந்த படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"வகுப்புல ஜோடியா உக்காந்து வேலை செய்யணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்க ரெண்டு பேருந்தானுங்களே."

அவள் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். கடிதம் வாங்காமலே மலையிறங்கிவிட்டேன்.

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நானுந்தான் மறைச்சேன். உக்காருங்க சார். தனியா எழுதி எழுதி எனக்கும் அலுத்துப்போச்சுங்க," என்றார்.

விண்ணப்பத்தைச் சேர்ந்து எழுதி அனுப்பினோம். நிதி கிடைக்கவில்லை; அதில் பெரிய வருத்தமில்லை. பதினோரு வருடம் பக்கத்து அறையில் இருந்தும், அன்றுதான் முதன்முறையாக அவர் எதிரே உட்கார்ந்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.