குறையாத தண்ணீர்ப் போத்தல்

வெளிநாட்டில் ஒரு வீட்டில் நான்கு வருடம் வேலை செய்துவிட்டு தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பிய என் தங்கை, இடுப்பு வலியை மட்டும்தான் கொண்டுவந்தாள். பேச்சை அங்கேயே விட்டுவிட்டாள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. காலையில் நான் கிளம்பும்போது எப்படி உட்கார்ந்திருந்தாளோ, பிற்பகலில் வரும்போதும் அப்படியே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பதுளை பஜாரில் ஒரு கடையில் முயல்குட்டி அளவில், வாலில்லாமல், வெள்ளையும் பழுப்புமாக இரண்டு கினிபிக் குட்டிகளைக் கண்டபோது, அவை என்ன தின்னும் என்றுகூடத் தெரியாமல் அவளுக்காக வாங்கிவந்தேன்.

அவை வந்த பிறகு எழுந்து நடமாடினாள். போனில் தேடித் தேடிப் படித்தாள். தினமும் காலையில் கூண்டைக் கூட்டி, புழுக்கைகளைப் பேப்பரில் கொட்டி வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பாள்.

"பாருக்கா, இப்படி நீளமா, கொழுகொழுன்னு ஒரே அளவா இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம். சின்னதாகி காஞ்சு போச்சுன்னா தண்ணி பத்தல. களியா போனா தீனி ஒத்துக்கல."

கொய்யாத் துண்டு, காரமில்லாத கறிமிளகாய், மழையில் நனையாத புல் என்று பார்த்துப் பார்த்துப் போடுவாள். கூண்டில் தலைகீழாகத் தொங்கும், குழாய் நுனியை நக்கினால் சொட்டும் தண்ணீர்ப் போத்தலில் தினமும் பேனாவால் ஒரு கோடு போட்டு, எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பாள். நான்கு வருடத்துக்குப் பிறகு அவள் இவ்வளவு பேசியதே எனக்குப் போதுமாக இருந்தது. சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஐப்பசி மழையில் இடுப்பு வலி கூடி, பதுளை ஆஸ்பத்திரி வார்டில் சேர்ந்தாள்.

"நீ பாத்துக்குவியா?"

"இது என்ன பெரிய வேலை, போய்ட்டு வா" என்றேன்.

மூன்று நாளும் மழை விடவில்லை. ஈரப்புல் கொடுக்கக்கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது. முன்பே அறுத்து உலர்த்தி வைத்திருந்த புல்லைப் போட்டேன். கூடவே வெலிமடை கேரட்டில் ஆளுக்கு ஒரு துண்டு. போத்தலைப் பார்த்தால் தண்ணீர் கோட்டில் அப்படியே நின்றது. நிறைய இருக்கிறதே என்று நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனேன். அவள் தினமும் போன் எடுத்து, தன் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "புழுக்கை எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"எல்லாம் இருக்கு, இருக்கு" என்றேன். ஒரு நாளும் பேப்பரில் கொட்டிப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் காலை, வெள்ளைக் குட்டி மூலையில் மயிர் சிலிர்த்துக் குந்தியிருந்தது. புல்லைத் தொடவில்லை. கூண்டுக்குள் கையை விட்டுக் கூட்டினேன். சீரகம் மாதிரி கறுத்துக் காய்ந்த சில துகள்கள்தான் வந்தன. அப்போதுதான் போத்தலின் குழாயை விரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே உருள வேண்டிய சின்ன இரும்புக் குண்டு சிக்கி இறுகிப்போயிருந்தது. ஒரு சொட்டும் வரவில்லை.

கரண்டியால் தண்ணீர் ஊட்டினேன். பழுப்புக் குட்டி குடித்தது, கரண்டியைக் கடித்துக் கடித்துக் குடித்தது. வெள்ளைக்கு வாய் ஓரமாக வழிந்துவிட்டது. அதைத் துணியில் சுற்றி பஸ் ஏறினேன். சிங்களவரான மிருக வைத்தியர் வாங்கிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "தண்ணி எத்தனை நாள் இல்லை?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கையிலேயே அதன் மூச்சு அடங்கிவிட்டது.

தங்கை வீடு வந்ததும் எதையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். கூண்டின் முன்னால் மெதுவாக உட்கார்ந்தாள்.

"எத்தனை நாள்?"

"மூணு."

"மூணு நாளும் போய்ப் போய் நக்கிப் பாத்திருக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகும் மிஞ்சிய பழுப்புக் குட்டியைக் கவனித்தாள், ஆனால் என்னைக் கூப்பிட்டு எதையும் காட்டவில்லை. தை முடிவதற்குள் மறுபடி வெளிநாடு போக ஏஜென்சியில் பதிந்துவிட்டாள். பழுப்புக் குட்டியை ஹாலிஎலவில் இருந்து வந்து என்னோடு படிப்பிக்கும் ஒரு ஆசிரியைக்குக் கொடுக்கச் சொன்னாள். நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இடுப்பு இன்னும் சரியாகல, போகாதடி" என்று கெஞ்சினேன்.

"இங்க இருந்து என்னக்கா செய்ய?"

அவள் கிளம்பிப் போய்விட்டாள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் போன் எடுக்கிறாள். சாப்பிட்டாயா, வலி எப்படி என்று கேட்கிறேன்.

"இருக்கு, இருக்கு" என்கிறாள்.